‘டெஸ்பரேட்லி’: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

‘டெஸ்பரேட்லி’ என்னும் ஆங்கில வினையடையைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணியிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறோம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவியருக்கு 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஆங்கிலத்தில் சில வாக்கியங்கள் எழுதித் தந்து, தமிழாக்கச் சொன்னேன். ‘தே ஃபாட் டெஸ்பரேட்லி’ என்பதை ஒரு மாணவி ‘அவர்கள் நம்பிக்கையிழந்து போரிட்டார்கள்’ என்று எழுதினாள். திருத்தப் போனபோது, அகராதியில் ‘நம்பிக்கையிழந்த நிலையில்’ என்று பொருள் தரப்பட்டிருப்பதைக் காட்டினாள். தமிழில் படிக்கும்போது தவறென்று தெரிகிறது. ஏன் தவறு என்று அவளுக்கு விளக்க இயலவில்லை. (ஆசிரியை, குடியாத்தம்)

பதில்: மாணவி அகராதியைக் கவனமாகவே பார்த்திருக்கிறாள், சொல்லின் வேரும் அவள் பக்கம்தான் நிற்கிறது. இலத்தீன் மொழியில் ‘ஸ்பேராரே’ என்றால் நம்பி எதிர்நோக்குதல். அதன் முன் ‘டே’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘டேஸ்பேராரே’ ஆனால் நம்பிக்கை நீங்குதல் என்று பொருள். அவநம்பிக்கையைக் குறிக்கும் ‘டெஸ்பேர்’ என்னும் ஆங்கிலச் சொல் அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘டெஸ்பரேட்’, ‘டெஸ்பரேட்லி’ ஆகியவையும் அதே வேரின் கிளைகளே. ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தின் முடிவில், மூத்த மகள்கள் இருவரும் தம்மைத் தாமே அழித்துக்கொண்டு ‘டெஸ்பரேட்லி’ இறந்துபோனார்கள் என்று கென்ட் பிரபு அரசனிடம் சொல்லும் இடத்தில், அந்தச் சொல்லுக்கு ‘நம்பிக்கை முற்றும் இழந்து’ என்பதைத் தவிர வேறு பொருள் கொள்ள முடியாது. ஆகவே மாணவி எழுதிய பொருள் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்த பொருள்தான் என்பதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இன்றைய ஆங்கிலத்தில், போரிடுதல், தேடுதல், முயலுதல் போன்ற வினைகளோடு வரும்போது இந்தச் சொல்லின் பாரம் மனநிலையிலிருந்து செயலுக்கு நகர்ந்துவிட்டது. வெற்றி பெறும் வாய்ப்பு மிகக் குறைவு. தோற்றால் போவதோ உயிர், பிள்ளை, மானம் போன்ற ஈடுசெய்ய முடியாத ஒன்று. வேறு வழியும் தென்படவில்லை. அந்த நெருக்கடியில் ஒருவர் தம்மிடம் எஞ்சியிருக்கும் பலம் முழுவதையும் ஒரே செயலில் கொட்டுகிறார் என்பதைத்தான் ‘டெஸ்பரேட்லி’ சொல்கிறது. நம்பிக்கை குறைந்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அது குறைந்த அளவுக்கு முயற்சி கூடியிருக்கிறது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் ‘நம்பிக்கையிழந்து’ என்பது முற்றுப்பெற்ற ஒரு செயலைக் காட்டும் வினையெச்சம். ‘குளித்து உண்டான்’ என்றால் குளியல் முடிந்த பிறகுதான் உணவு. அதைப்போலவே ‘நம்பிக்கையிழந்து போரிட்டார்கள்’ என்றால் நம்பிக்கை போய் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு கடமைக்குப் போரிட்டார்கள் என்றுதான் நம் காதில் விழுகிறது. கை தளர்ந்தவர்களின் போர் அது. ஆங்கில வாக்கியம் காட்டுவதோ கை இறுகியவர்களின் போர். உங்களுக்குத் தவறென்று பட்டதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சியே விளக்கத்துக்குப் போதும். 1806 ஜூலை 10ஆம் நாள், விடிவதற்கு முன், புதிய தலைப்பாகையும் நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் விதிக்கப்பட்ட தடையும் மூட்டிய சினத்தில் வேலூர்க் கோட்டையின் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயப் படையினரில் பலர் உறக்கத்திலேயே கொல்லப்பட்டனர். எஞ்சியவர்களில் ஏறத்தாழ 60 பேர் மதில்மேல் இடம் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடம் தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையோடு வந்து சேரும்வரை அவர்கள் நின்ற விதத்துக்கு ‘டெஸ்பரேட்லி’ பொருந்தும். பிறகு கோட்டை வாயில் பீரங்கியால் தகர்க்கப்பட்டுக் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. தப்பும் வழி அடைபட்டுச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மடிந்த அந்த நேரத்தில், அவர்களில் எதிர்த்து நின்றவர்கள் போரிட்ட விதத்துக்கும் இதே சொல்தான் பொருந்தும். ஆகவே இந்த வாக்கியத்தை வகுப்பில் தரும்போது, ‘அவர்கள்’ என்பது யாரைக் குறிக்கிறது என்பதையும் மாணவியரைக் கேளுங்கள். ஒரே காலைப்பொழுதில் இந்த வினையடை ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்கு இடம் மாறியிருக்கிறது. அதை உணர்ந்த மாணவிக்குச் சொல்லும் பிடிபடும், வரலாறும் பிடிபடும்.

தமிழாக்கமாக ‘வாழ்வா சாவா என்று போரிட்டார்கள்’ என்பதை நான் முதலில் வைப்பேன். ‘உயிரைக் கொடுத்துப் போரிட்டார்கள்’ என்பதும் வழக்கில் உள்ளதே. ஆனால் அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று பொருள்படவும் இடமிருப்பதால், பிழைத்தவர்களைப் பற்றிய வாக்கியத்தில் அதைத் தவிர்க்கலாம். ‘தீவிரமாகப் போரிட்டார்கள்’ என்று எழுதுவோர் பலர். அதை நான் ஏற்கமாட்டேன். காவல்துறையினர் ஒரு குற்றவாளியைத் ‘தீவிரமாகத் தேடி வருகின்றனர்’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். அங்கே உழைப்பு உண்டு, தவிப்பு இல்லை. உங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையை நழுவவிட்ட தாய் தேடுகிறாளே, அந்தத் தேடலுக்குத்தான் ‘டெஸ்பரேட்லி’. அதைத் தமிழில் ‘பதறிப் பதறித் தேடினாள்’ என்போம். ‘அலறியடித்துக்கொண்டு தேடினாள்’ என்போம். ஆங்கிலம் ஒரே வினையடையில் அடக்குவதைத் தமிழ் இன்னொரு வினையைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திச் சொல்கிறது: ‘கெஞ்சிக் கூத்தாடிக் கடன் வாங்கினான்’, ‘முட்டி மோதி ஓர் இடம் பிடித்தான்’, ‘தவியாய்த் தவித்துக் காத்திருந்தாள்’. ஆங்கிலப் பாடநூல்களில் இந்த இடங்களிலெல்லாம் ‘டெஸ்பரேட்லி’ வந்திருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் எந்தத் தமிழ் வினை வேண்டும் என்பதை, அங்கே என்ன செயல் நடக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘டெஸ்பரேட்லி’க்கு நேராக ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் பழக்கத்தை மாணவியர் விட்டால் நல்லது.

கேள்வி: ‘ஹோப்லெஸ்லி’ என்ற சொல்லுக்கும் ‘நம்பிக்கையின்றி’ என்றுதானே பொருள்? அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (வாசகர், காட்பாடி)

பதில்: ‘ஹோப்லெஸ்லி’ வரும் இடத்தில் நம்பிக்கையும் இல்லை, பெரும்பாலும் முயற்சியும் இல்லை. கடைசி வண்டியும் போய்விட்ட பிறகு நடைமேடையில் உட்கார்ந்துவிடுபவரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹோப்லெஸ்லி’ பொருந்தும். நகரத் தொடங்கிய வண்டியின் கம்பியைப் பிடிக்க ஓடுபவரைப் பற்றி என்றால் ‘டெஸ்பரேட்லி’. மேலும், ‘ஹோப்லெஸ்லி லாஸ்ட்’ என்பதைப்போல, இனித் திருத்த முடியாத அளவுக்கு ஒன்று கெட்டுவிட்டது என்று சொல்லவும் முன்னதைப் பயன்படுத்துவார்கள்.

கேள்வி: நான் செவிலியர் படிப்பு மாணவி. மருத்துவமனைப் பகுதியில் இரத்தம் வேண்டி வரும் செய்திகளில் சிலர் ‘அர்ஜென்ட்லி’ என்றும், சிலர் ‘டெஸ்பரேட்லி’ என்றும் எழுதுகிறார்கள். எது சரி? மேலும், பாடங்களில் ‘டெஸ்பரேட்லி இல்’ என்று வருகிறது. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை. அங்கே இந்தச் சொல்லுக்கு என்ன வேலை? (வாசகி, வேலூர்)

பதில்: முதல் கேள்விக்கு உரிய பதில், இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதாகும். ‘அர்ஜென்ட்லி’ என்பது காலத்தைப் பற்றியது: இன்று மாலைக்குள் வேண்டும், நாளை என்றால் பயனில்லை. ‘டெஸ்பரேட்லி’ என்பது வழியைப் பற்றியது: கேட்ட இடமெல்லாம் கேட்டாயிற்று, உறவினர் ஒருவருக்கும் அந்த இரத்தப் பிரிவு இல்லை, இனி முகம் தெரியாதவர்கள்தான் உதவ வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்து, மொழி தெரியாத ஊரில், விடுதி அறையிலிருந்து மருத்துவமனைக்கும் மருத்துவமனையிலிருந்து விடுதி அறைக்குமாக நடக்கும் குடும்பங்களுக்கு இரண்டாவது சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘அல்லாடுதல்’ என்பேன். ‘ஒரு பாட்டில் இரத்தத்துக்கு அல்லாடுகிறார்கள்’ என்றால் தேவை, அலைச்சல், வழியின்மை மூன்றும் ஒரே வினையில் வந்துவிடுகின்றன. பாலாறு வறண்ட கோடைகளில் குடத்தோடு தண்ணீருக்கு அல்லாடியவர்கள் வாழும் பகுதி இது; அகராதி தரும் எந்தத் தொடரையும்விட இந்த வினை இங்கே உயிரோடு இருக்கிறது. ஆயினும், இரத்தம் கேட்டு ஆங்கிலத்தில் செய்தி எழுதும்போது ‘அர்ஜென்ட்லி’ என்று எழுதி, எந்த நாள், எந்த நேரத்துக்குள், எந்தப் பிரிவு என்பதைத் தெளிவாகக் குறிப்பதே நல்லது. கொடையாளர் அறிய வேண்டியது காலம்.

இரண்டாவது கேள்வி ஆழமானது. பெயரடைகளின் முன் வரும்போது ‘டெஸ்பரேட்லி’ செயலைச் சொல்வதில்லை, அளவைச் சொல்கிறது. ‘டெஸ்பரேட்லி இல்’ என்றால் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு நோயுற்றவர். ‘டெஸ்பரேட்லி புவர்’ என்றால் அடுத்த வேளைக்கு வழியற்ற வறுமையில் இருப்பவர். இங்கேயும் பழைய வேர் முற்றிலும் அறுந்துவிடவில்லை. தீரும் என்ற நம்பிக்கை மற்றவர்களுக்கு அற்றுப்போன நோயைத்தான் பழைய ஆங்கிலம் ‘டெஸ்பரேட்’ என்று சொன்னது. நம்பிக்கை இழந்தவர் நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவராக இருக்கலாம். நோயாளி எந்த முயற்சியும் செய்யாதபோது இந்தச் சொல் அவருக்கு எப்படிப் பொருந்துகிறது என்ற உங்கள் ஐயத்துக்கு இதுவே விடை.

இதற்கு நல்ல சான்று 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எரேமியா 17ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தில் இருக்கிறது. மனித இருதயம் ‘டெஸ்பரேட்லி விக்கெட்’ என்கிறது அந்த மொழிபெயர்ப்பு. மூலமாகிய எபிரேயத்தில் அங்கே உள்ள சொல் ‘அனூஷ்’. அதே எரேமியா நூலில் ஆற முடியாத புண்ணைச் சொல்லும் இடங்களிலும் அந்தச் சொல் வருகிறது. ஆகவே அந்த வசனம் இருதயத்தைத் தீராத நோயுற்றதாகப் பார்க்கிறது. 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தத் தீராமையைச் சொல்லவே ‘டெஸ்பரேட்லி’யைத் தேர்ந்தார்கள் என்று நான் கருதுகிறேன். நம் தேவாலயங்களில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் அதே இடத்தில் ‘மகா கேடுள்ளதுமாயிருக்கிறது’ என்று சொல்கிறது. ‘மகா’ என்னும் ஓர் அடைமொழியால் அளவு வந்துவிட்டது, தீராமை வரவில்லை. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். பெயரடையோடு வரும் ‘டெஸ்பரேட்லி’யைத் தமிழாக்கும் எவரும் அளவைச் சொல்வதா, தீராமையைச் சொல்வதா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். உங்கள் பாடத்தில் வரும் தொடருக்கு ‘உயிருக்குப் போராடும் நிலையில்’ என்று நம்மிடம் ஏற்கெனவே வழங்கும் சொற்றொடரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டும் இருக்கின்றன.

ஒரு குறிப்பு: இந்த அளவைச் சொல்லும் பயன்பாடு பெரும்பாலும் துன்பத்தின் பக்கமே சாயும். வறுமை, நோய், தனிமை, துரதிர்ஷ்டம் ஆகியவற்றோடு இயல்பாக வரும். ‘டெஸ்பரேட்லி ஹேப்பி’ என்று எழுதினால், அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் ஏதோ அச்சம் மறைந்திருக்கிறது என்றே படிப்பவர் நினைப்பார்.

கேள்வி: தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் அலுவலகப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். வீட்டு நிலைமை மோசமாக இருப்பதால், ‘ஐ டெஸ்பரேட்லி நீட் திஸ் ஜாப்’ என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதலாமா? நண்பர்கள் எழுது என்கிறார்கள். (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: இலக்கணப்படி வாக்கியத்தில் பிழையில்லை. தேவையைக் குறிக்கும் ‘நீட்’, விருப்பத்தைக் குறிக்கும் ‘வான்ட்’ ஆகியவற்றின் முன் இந்த வினையடை மிக இயல்பாக அமரும். ஆனாலும் எழுத வேண்டாம் தம்பி. உங்கள் தேவையில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆயினும் இந்தச் சொல் தேவையைச் சொல்வதோடு நில்லாமல், ‘எனக்கு வேறு வழியே இல்லை’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கும் நிர்வாகி இரக்கமுள்ளவராக இருந்தாலும், ஊதியத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் அந்த ஒரு சொல் உங்களுக்கு எதிராகவே நிற்கும். எது கொடுத்தாலும் வருவார் என்ற எண்ணத்தை நீங்களே எழுதித் தந்ததாக ஆகும். கணக்கு வேலையோ, ஏற்றுமதி ஆவணங்களோ, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்; பணியில் எந்த நாளில் சேர முடியும் என்பதை எழுதுங்கள். ஆர்வத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘கீன்’ என்னும் எளிய சொல் போதும்.

ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது இரக்கத்தை வரவழைக்கும் இந்தச் சொல், பிறரைப் பற்றிச் சொல்லும்போது இழிவாகவும் மாறும். ‘ஹி இஸ் டெஸ்பரேட்’ என்று இளைஞர்கள் பேச்சில் வரும்போது, கௌரவம் பாராமல் அலைகிறான் என்ற ஏளனம் அதில் இருக்கிறது. நண்பர்களைப் பற்றி அப்படிச் சொல்லாதிருப்பது நல்லது.

கேள்வி: ‘டெஸ்பரேட்லி இன் லவ்’ என்பதைக் கதைகளில் ‘வெறித்தனமான காதல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அது எனக்கு உவப்பாக இல்லை. வேறு வழி உண்டா? (வாசகி, ஆரணி)

பதில்: எனக்கும் உவப்பாக இல்லை. வெறி என்பது கட்டுப்பாட்டை இழந்தவனைச் சொல்கிறது. பிறரைத் தாக்கும் சாயலும் அதில் உண்டு. ‘டெஸ்பரேட்லி’யில் உள்ளது வழியின்மை. அந்த வழியின்மையைத் தமிழ் அகமரபு மிக நுட்பமாகச் சொல்லிவைத்திருக்கிறது. காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்கால் செய்த குதிரைமேல் ஏறி, ஊரறியத் தெருவில் வருவதை மடலேறுதல் என்றார்கள். திருக்குறளில் அதைப் பேசும் அதிகாரத்துக்கு ‘நாணுத் துறவுரைத்தல்’ என்றே பெயர்.

காமம் உழந்து வருந்தினார்க்கு ஏமம்
மடலல்லது இல்லை வலி.

காமத்தால் துன்புற்று வருந்தியவர்களுக்கு மடலைத் தவிர வலிமையான காப்பு வேறில்லை என்கிறது இந்த 1131ஆம் குறள். ‘அல்லது இல்லை’ என்ற அந்த இரு சொற்களைக் கவனியுங்கள். ‘டெஸ்பரேட்லி’யின் உயிர் அங்கே இருக்கிறது. எல்லா வழியும் அடைபட்டு, நாணத்தையும் துறந்து செய்யும் கடைசிச் செயல் அது. இன்றைய கதையில் மடலேற்ற முடியாது என்பது உண்மையே. ‘அவள் இல்லாமல் தனக்கு வாழ்வில்லை என்று கிடந்தான்’ என்றோ, ‘மானம் மரியாதை பாராமல் அவள் பின்னால் அலைந்தான்’ என்றோ, பாத்திரத்தின் தன்மைக்கு ஏற்ப எழுதலாம். முதலாவது ஏங்குபவனுக்கு, இரண்டாவது இறங்கிச் செயல்படுபவனுக்கு. ஆங்கிலத் தொடர் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தமிழில் எழுதுபவர் அவன் எத்தகையவன் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: இந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டில் அடிக்கடி தவறு செய்கிறேன். உச்சரிப்பையும் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், வாணியம்பாடி)

பதில்: ‘பி’ என்னும் எழுத்துக்குப் பின் வருவது ‘ஈ’ என்பதை நினைவில் வையுங்கள். ‘டெஸ்பேர்’ என்ற சொல்லில் அந்த இடத்தில் ‘ஏ’ வருவதாலும், பிரித்தல் என்று பொருள்படும் ‘செபரேட்’டிலும் அதே இடத்தில் ‘ஏ’ இருப்பதாலும் இங்கேயும் ‘ஏ’ எழுதிவிடுகிறோம். ‘டிஸ்பரேட்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதற்கு ஒன்றோடொன்று ஒவ்வாத, வேறுபட்ட என்று பொருள், இதனோடு அதற்கு உறவில்லை. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையில் விழும். நாம் ‘ரேட்’ என்று நீட்டிச் சொல்லும் பகுதி ஆங்கிலேயர் பேச்சில் ‘ரட்’ என்று குறுகிவிடும். விரைவாகப் பேசும்போது ‘டெஸ்ப்ரட்லி’ என்றே கேட்கும்.

கேள்வி: லண்டனில் வேலை செய்யும் என் மகனின் மேலாளரை இணையவழி உரையாடலில் சந்தித்தேன். எங்கள் ஊருக்கு ஒருமுறை வாருங்கள், மக்கன் பேடாவும் ஆற்காட்டுப் பிரியாணியும் சாப்பிடலாம் என்று அழைத்தேன். வெயில் தமக்கு ‘நாட் டெஸ்பரேட்லி’ பிடிக்கும் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்தார். வெயிலுக்காக அவர் ஏங்குகிறாரா, வெறுக்கிறாரா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: ஏங்கவில்லை. ஆங்கிலேயர் பேச்சில் ‘நாட்’ முன்னால் வந்தால் இந்தச் சொல்லின் பாரமெல்லாம் இறங்கிவிடும். ‘அவ்வளவாக இல்லை’ என்பதே பொருள். பசிக்கிறதா என்று கேட்டால் ‘நாட் டெஸ்பரேட்லி’ என்பார்கள். சாப்பாடு சிறிது தாமதித்தாலும் பரவாயில்லை என்று கொள்ள வேண்டும். ஒரு படம் ‘நாட் டெஸ்பரேட்லி குட்’ என்றால் அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள். வெயில் தமக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்று உங்கள் விருந்தினர் மென்மையாகக் குறிப்பிட்டிருக்கிறார். அழைப்பை மறுத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தைத் தவிர்த்து, மார்கழியிலோ தையிலோ வரச் சொல்லி மறுபடியும் எழுதுங்கள்.